ஒரு முழ ஊசி

எருக்கைப் பற்றி நம் மொழி
அதிகம் நல்லது சொன்னதில்லை.
பாழ்வீட்டில் முளைக்கும் என்போம்.
பிள்ளையாருக்கு ஆகும், கூந்தலுக்கு ஆகாது.
ஹிலோ ஊரில் அதன் பெயர் கிரீடப்பூ.
ராணி ஒருத்தி ஆசையாய் அணிந்ததாம்.

லாரி ஷெட்டுக்குப் பின்னால்
புழுக்கள் தின்று மிச்சம் வைத்த இலைகளோடு
நிற்கிறது ஹவுனானியின் செடி.
நேற்று இரவு, மழை விட்ட பத்து நிமிடத்தில்,
நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு
இருநூற்றுப் பத்துப் பூ பறித்தாள்.
கையெல்லாம் பால்.
கண்ணில் பட்டால் போச்சு;
மூக்கு அரித்தபோது
சட்டைத் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

இங்கே பூவை முழம் போட்டு விற்பதில்லை.
ஊசியே ஒரு முழம்.

நூல் தீர்ந்திருந்தது.
குளியலறையில் பல்லிடுக்கு நூல் இருந்தது,
புதினா வாசனையோடு.
அது அறுகாது,
பூக் கோர்க்கிறவர்களுக்குத் தெரியும்.

"மாமா தலை எவ்வளவு பெருசு?"
லிலினோயேவுக்கு எட்டு வயது.
மாமாவைச் செல்போன் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறாள்,
அதுவும் பதினைந்து நிமிடம்,
பிறகு ஒரு மணி அடிக்கும்.
ஹவுனானி தன் தலையில் மாட்டிப் பார்த்தாள்.
இன்னும் பத்துப் பூ சேர்த்தாள்.

விமான நிலையத்தில்
சுற்றுலாக் கம்பெனிப் பெண் பட்டியலைப் பார்த்துப் பார்த்து
பெட்டியிலிருந்து ஆர்க்கிட் மாலைகளை எடுத்தாள்.
ஒரே பூப்போட்ட சட்டையில் கணவன், மனைவி.
போட்ட மாலையைப் போட்டவள் முன் கழற்றக் கூடாது,
அது இந்தத் தீவின் மரியாதை;
அவருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.
கழுத்து அரித்தது, கழற்றினார்,
கேமராப் பைக்குள் திணித்தார்.
அந்தப் பெண் அடுத்த பெயரை வாசித்தாள்.

இயோகெபா கடைசியாக வந்தான்.
அரிசோனாவில் ஒன்பது வருடம்,
ஹோனலுலுவில் விமானம் மாறி,
கையில் ஒரு காகிதப் பை.
அக்காவைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தான்.
கைகள் தாமாகவே
முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்துகொண்டன.

கயிறு என்று எதையும்
அங்கே அவன் கழுத்தருகே விட்டதில்லை.
ஷூவில் லேஸ் இல்லை, இடுப்பில் நாடா இல்லை.
ஹவுனானி மாலையை உயர்த்தியபோது
கண்ணை மூடிக்கொண்டு குனிந்தான்,
சோதனைக்குக் குனிகிற மாதிரி.

அவள் அவசரப்படவில்லை.
பாதி நெஞ்சில், பாதி முதுகில்
சரியாக விழும்வரை இழுத்து விட்டாள்.
கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.
என்னென்னவோ சொல்ல
ஒன்பது வருடமாக வைத்திருந்தவன்
"ஈரமா இருக்கு" என்றான்.
"மழைக்கா" என்றாள்.

காரில் சீட் பெல்ட் பத்துப் பூவை நசுக்கியது.
சட்டையில் பால் கறை.
கழற்றச் சொல்லவில்லை, கழற்றவில்லை.
சோறும் டின் கறியும் சாப்பிட்டான், மாலையோடு.
யாரைக் கேட்பது என்று தெரியாமல்
விளக்கை அணைக்காமலே படுத்தான்.

மூன்றாம் நாள், விடியாத நாலு மணி.
அங்கே தலை எண்ணும் நேரம்;
எழுந்து கட்டிலருகே நின்றான்.
யாரும் எண்ண வரவில்லை.
கொஞ்ச நேரம் நின்றுவிட்டு
பின்கதவைத் திறந்தான்.

சத்தம் கேட்டு எழுந்த லிலினோயே
ஜன்னலில் பார்த்தாள்:
செடியடியில் குந்தி, முடிச்சைப் பல்லால் கடித்து,
பூக்களை ஒவ்வொன்றாய் உருவி
வேரருகே வைத்துக்கொண்டிருந்தான்.
வாடினதைக் குப்பையில் போடக் கூடாது, மண்ணுக்குத் தரணும்.
அது மட்டும் அவனுக்கு மறக்கவில்லை.

முடிந்ததும் நூல் மிஞ்சியது.
விரலில் சுற்றினான், முகர்ந்தான்.
"இதை யார்கிட்ட ஒப்படைக்கணும்?"

"அது வெறும் நூல், மாமா" என்றாள்
ஜன்னலில் இருந்து,
பாதித் தூக்கத்தில்.

மணிக்கட்டு அளவு ஒரு துண்டைக் கிழிக்கப் பார்த்தான்.
அறுகவில்லை.
முழுதாகவே சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.